செருமலக்காவுக்குத் தொண்டை கட்டிய வாரம்

குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் செருமலக்கா ஒரு சினிமா தியேட்டரில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களை இருட்டில் கூட்டிப்போய் அவரவர் இருக்கையில் உட்காரவைக்கிற வேலை. அதற்கு வெளிச்சம் மட்டும் போதாது, கொஞ்சம் நாகரிகமும் வேண்டும். கடைசி வரிசையில் யார் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. திடுதிப்பென்று போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், இவளுக்கும் சங்கடம். அதனால் வரிசைக்குக் கொஞ்சம் முன்பாகவே நின்று தொண்டையைச் செருமுவாள். கைகளெல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்ப அவகாசம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் டார்ச்சை உயர்த்துவாள்.

அந்தத் தியேட்டரை இடித்துக் கடைகள் கட்டினார்கள். தெருக்கோடியில் குதிரையேற்றப் பள்ளி நடத்திய அம்மாள் கூட்டிப்பெருக்க ஆள் தேடிக்கொண்டிருக்க, அக்கா போய்ச் சேர்ந்தாள். முதல் நாள் துடைப்பத்தோடு லாயத்துக்குள் நுழைந்தபோது, உள்ளே அரையிருட்டு. பழக்க தோஷம், வாசலில் நின்று செருமினாள். அத்தனை குதிரைகளும் ஒரே சமயத்தில் காதைத் திருப்பின.

"இதை யாரு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாள் முதலாளியம்மா.

"எதைம்மா?"

"குதிரைகிட்ட போறதுக்கு முன்னாடி சத்தம் கொடுக்கிறதை."

கடைசி வரிசை விவகாரத்தை அந்த அம்மாளிடம் எப்படி விளக்குவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "அது சும்மா தானா வந்துடுச்சும்மா" என்று சமாளித்தாள்.

குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. அதனால் வாலுக்கு நேர் பின்னால் நிற்பவர் அதற்குத் தெரியமாட்டார், மூக்கை ஒட்டி நேர் முன்னால் நிற்பவரும் தெரியமாட்டார் என்று முதலாளியம்மா விளக்கினாள். தெரியாத ஆள் வந்து தொட்டால் முதலில் உதைக்கும். யாரென்று திரும்பிப் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

"மனுசங்கள்லயும் அப்படி நிறைய பேர் இருக்காங்கம்மா" என்றாள் அக்கா.

பெருக்க வந்தவள் தண்ணீர் காட்டினாள், தண்ணீர் காட்டியவள் கயிற்றைப் பிடித்தாள், கயிற்றைப் பிடித்தவள் கடைசியில் அந்த லாயத்துக்கே கண்ணாகவும் கையாகவும் ஆகிப்போனாள். செருமலக்கா என்ற பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அந்தச் செருமல் விடவில்லை. அவள் கணவர் சாவி செய்கிறவர். கடைவாசலில் மெஷினைப் போட்டுக்கொண்டு உலகமே மறந்து குனிந்திருப்பார். வேறு யாராவது வந்து தோளைத் தட்டினால் தூக்கிவாரிப்போடும். ராவிக்கொண்டிருந்த சாவி வீணாகப் போகும். அக்கா மட்டும் பக்கவாட்டில் வந்து, அவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்று, செருமுவாள்.

"எங்க வீட்டுல என்னைக் குதிரையைப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்குறா" என்று அவர் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்ததே இல்லை.

அந்த வீட்டுக்குத்தான் ஒரு நாள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாள் நாத்தனார். சாவிக்காரரின் ஒரே தங்கை. சொந்தமாக அழகு நிலையம் நடத்துகிறவள். நாற்பது தாண்டிய பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான்; அதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் பாப்பாவாகிவிட்டாள். பேச ஆரம்பித்தால் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் நிறுத்துவாள், சில சமயம் அதற்கும் நிறுத்தமாட்டாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் ஏறி இறங்குகிற பொந்துக்குள் தனியாகத் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனிதருக்குப் பேச்சுப் பழக்கம் எப்படி இருக்கும்? பாப்பா பேசுவாள், அவர் தலையாட்டுவார். இருபது வருஷக் குடித்தனம் அப்படியே சுகமாக ஓடியது, அவர் காதில் பஞ்சு இருப்பதை அவள் கண்டுபிடிக்கிற வரைக்கும்.

"அரை மணி நேரம் அண்ணி," என்று அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னாள். "அரை மணி நேரமா என் சிநேகிதி கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கேன், அந்த மனுஷன் சரியான இடத்துல எல்லாம் தலையை ஆட்டுறாரு. அப்புறம் பாத்தா காதுல பஞ்சு. ரெண்டு காதுலயும். இனிமே அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவரா வந்து, அவரா வாயைத் திறந்து, தப்புதான்னு சொல்லட்டும்."

பஞ்சு வைத்தவருக்குப் பேசாமல் இருப்பதையே தண்டனையாகக் கொடுத்தால் அவருக்கு அது தண்டனைதானா என்று சாவிக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டால் தன் காதுக்கு ஆபத்து என்று மெஷினை ஓடவிட்டார்.

மெக்கானிக் தினமும் போன் செய்தார். பாப்பா எடுக்கவில்லை. அதே நேரத்தில், பழைய வைக்கோலை உதறிக் காயவைத்த தூசியில் அக்காவுக்குத் தொண்டை கட்டியது. முதலில் குரல் தகரம் மாதிரி ஆனது, அப்புறம் காற்று மட்டும் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. டாக்டர் விளக்கடித்து உள்ளே பார்த்துவிட்டு, "ஒரு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது. முக்கியமா, தொண்டையைச் செருமவே கூடாது" என்றார். செருமலக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவரே ஒரு நிமிஷம் தயங்கிவிட்டார்.

லாயத்தில் கூட வேலை செய்கிறவர் ஊரில் இல்லை. வார இறுதியில் லாடக்காரர் வருகிறார். அவரை விட்டால் அடுத்த முறை எப்போது பிடிக்க முடியும் என்று யாருக்கும் தெரியாது. வேறு ஆள் பார்க்கிறேன் என்று முதலாளியம்மா சொன்னாலும் அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் சத்தம் கொடுக்காமல் குதிரையிடம் போவது எப்படி? வீட்டில் உட்கார்ந்து விரலை நெரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வர்றேன் அண்ணி" என்றாள் பாப்பா. "உங்களுக்குப் பதிலா நான் பேசுறேன். இந்த வீட்டுல உங்களுக்கு வாய் இல்ல, அண்ணனுக்குக் காது இல்ல. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

இப்படித்தான், வந்த அன்றைக்கே குதிரை நாற்றம் என்று சொல்லி அக்காவின் பூட்ஸைப் பால்கனிக்குத் துரத்திய பாப்பா, மறுநாள் காலையில் லாயத்து வாசலில் நின்றாள். காலில் மெல்லிய வார்ச்செருப்பு. கழுத்தில் காற்றில் பறக்கிற பட்டுத் துணி. அக்கா மேலும் கீழும் பார்த்தாள். செருப்பைச் சுட்டிக்காட்டி, ஒரு செங்கல்லை எடுத்து அதன் பக்கத்தில் தொப்பென்று போட்டாள். குதிரையின் கால் இதைவிடக் கனம் என்று பாப்பாவுக்குப் புரிந்தது. ஊரில் இல்லாதவருடைய பூட்ஸ் அவள் காலுக்குப் படகு மாதிரி இருந்தாலும் மாட்டிக்கொண்டாள். பட்டுத் துணியை மட்டும் விடமாட்டேன் என்று சட்டைக்குள் திணித்துக்கொண்டாள்.

அவர்களுக்கு முதலில் வாய்த்தது சீமாட்டி என்கிற வெள்ளைக் குதிரை. பெயருக்கேற்ற நடை, பெயருக்கேற்ற அலட்சியம். சாதுதான். ஆனால் திடுக்கிட்டால் முன்பின் பார்க்காது. அக்கா தன் நெஞ்சில் கைவைத்து, அப்புறம் பாப்பாவின் வாயைக் காட்டினாள். பேசு.

"என்ன பேசறது அண்ணி, நான் இதுவரைக்கும் குதிரைகிட்ட பேசினதே இல்லையே, அதுக்கு என்ன பிடிக்கும்னு எனக்கென்ன தெரியும், ஆனா இதோட முடியைப் பாருங்களேன், எவ்வளவு அழகா இருக்கு, எண்ணெய் வெக்கிறீங்களா..."

சீமாட்டி ஒரு காதைத் திருப்பியது. அக்கா அந்தக் குரலின் நிழலில் பக்கவாட்டாகப் போய்த் தோளைத் தொட்டு, தலையில் முகவாரை மாட்டி, அதில் கயிற்றைக் கோத்தாள். வேலை முடிந்தது. பேச்சு முடியவில்லை.

மூன்று நாளில் இருவருக்கும் ஒரு ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. அக்கா கையால் பேசினாள், பாப்பா வாயால் பேசினாள், குதிரைகள் இரண்டையும் கேட்டுக்கொண்டன. பாப்பாவுக்குக் கயிறு பிடிக்கவும் ஆசை வந்தது. முதல் தடவை பிடித்தபோது நழுவிவிடுமோ என்ற பயத்தில் கயிற்றை வளையல் மாதிரி உள்ளங்கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அக்கா அதைப் பிரித்தாள். தன் விரலில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைப் பாப்பாவிடம் கொடுத்து இழுக்கச் சொன்னாள். பாப்பா இழுக்க, விரல் நீலமாகிப்போனது. அப்புறம் கயிற்றை ரிப்பன் மடிப்பது போல முன்னும் பின்னுமாக மடித்து, நடுவில் பிடித்துக்காட்டினாள். இழுத்தால் மடிப்பு மடிப்பாகக் கழன்று ஓடியது. விரல்கள் விரல்களாகவே இருந்தன.

குதிரைக்கு முன்னால் போய் இழுக்கக் கூடாது, பின்தங்கவும் கூடாது, தோளோடு தோளாக நடக்க வேண்டும். அதன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நடந்தால் அது நின்றுவிடும். போகிற இடத்தைப் பார்த்தால் கூடவே வரும். திரும்ப வேண்டுமானால் நம் பக்கம் இழுக்காமல் எதிர்ப்பக்கம் தள்ளித் திருப்ப வேண்டும், இல்லையென்றால் குளம்பு நம் காலைத் தேடி வரும். இதையெல்லாம் அக்கா ஒரு சொல் இல்லாமல் நடித்துக்காட்டினாள். அக்காவே குதிரையாகவும் அக்காவே ஆளாகவும் மாறி மாறி நடந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்த முதலாளியம்மா, டாக்டர் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கவலைப்பட்டாள்.

சோதனையும் வந்தது. பாப்பா சீமாட்டியை முற்றத்தில் நடத்திக்கொண்டு, பஞ்சு விவகாரத்தை அதனிடம் ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சட்டைக்குள்ளிருந்து பட்டுத் துணி நழுவிக் காற்றில் படபடவென்று எழும்பியது. சீமாட்டி ஒரே துள்ளலாகத் துள்ளியது. கயிறு மடிப்பு மடிப்பாகக் கழன்று ஓட, பாப்பா கையைத் திறந்து விட்டுவிட்டாள். குதிரை முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று, ஒன்றுமே நடக்காதது போலக் குடித்தது. மூடியிருந்த வெளிக்கதவைப் பார்த்து அக்கா பெருமூச்சு விட்டாள். பாப்பா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டுத் துணியை அவளே கழற்றி ஆணியில் மாட்டினாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை என்பது குறிப்பிட வேண்டிய விஷயம்.

அவளுக்கு ஒரே ஒரு சபலம் மட்டும் அடங்கவில்லை. சீமாட்டியின் வால். நீளமாக, வெள்ளையாக, சிக்குப் பிடித்துக் கிடந்தது. தொழில்காரிக்குக் கண் உறுத்தாதா? மறுநாள் காலை கைப்பையிலிருந்து அகலப் பல் சீப்பை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பது போல நேராக வாலுக்குப் பின்னால் போய் நின்றாள். அக்காவால் ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. பக்கவாட்டில் மெல்லப் போய், பாப்பாவின் முழங்கையைப் பிடித்து, குதிரையின் இடுப்போரமாக நகர்த்தினாள். அவளுடைய ஒரு கையை எடுத்து இடுப்பின் மேல் வைத்தாள், இங்கே நான் இருக்கிறேன் என்று குதிரைக்குத் தெரிய. வாலை இன்னொரு கையால் பக்கமாக இழுத்துக் கொடுத்தாள். அப்படி நின்று பாப்பா சீவிய சீவலில் சீமாட்டி கண் சொக்கி நின்றது.

லாடக்காரர் வந்த நாளில் மெக்கானிக்கும் வந்தார்.

லாயத்தின் நடைவழியில் சீமாட்டி நின்றது, வால் பின்கதவைப் பார்த்து இருக்க. தலைப்பக்கம் அக்கா கயிற்றைப் பிடித்திருந்தாள். இடுப்போரம் பாப்பா ஒரு கையை வைத்து, மறு கையால் வாலைச் சீவியபடி பேசிக்கொண்டிருந்தாள். லாடக்காரர் குனிந்து, முன்னங்காலைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். வாயில் எப்போதும் ஆணிகள் இருக்கும்.

பின்கதவு திறந்தது. அக்காதான் முதலில் பார்த்தாள். அயர்ன் செய்த சட்டை, வாரிய தலை, முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. வீட்டில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். நேராக நடந்து வந்து வாலுக்கு நேர் பின்னால் நின்றார். மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், முதலில் குதிரையைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அதன் பின்புறத்தைத் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினார்.

அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கத்தினாலும் தப்பு, சீமாட்டி மிரண்டால் உதை அவருக்கு, மிதி லாடக்காரருக்கு. அக்கா பாப்பாவைப் பார்த்துக் கண்ணால் பின்பக்கம் காட்டினாள். பாப்பா திரும்பினாள். சபதம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஒரு நொடிதான்.

"ஏங்க" என்றாள் பாப்பா.

அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பதமாக கல்யாணமான புதிதில்கூட அவள் தன்னைக் கூப்பிட்டதாக மெக்கானிக்குக்கு ஞாபகமில்லை.

"அந்தக் கையை அப்படியே கீழ இறக்குங்க. ஆங். மெதுவா. அவசரமே இல்ல. அப்படியே பின்னால போங்க, சுவர் வரைக்கும். ம், இன்னும் கொஞ்சம். இப்போ சுவரோரமா நடந்து சுத்தி வாங்க. பின்னால நிக்காதீங்க, என் பக்கத்துல வந்து நில்லுங்க."

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மகுடிக்கு ஆடுகிற மாதிரி பின்னால் போனார், சுவரை ஒட்டினார், சுற்றினார். சீமாட்டியின் காது முன்னும் பின்னும் ஆடியது.

"எதையாவது பேசிக்கிட்டே வாங்க" என்றாள் பாப்பா. "நீங்க எங்க இருக்கீங்கன்னு குதிரைக்குத் தெரியணும்."

"என்ன பேசறது?"

"எதுவா இருந்தாலும் சரி. நிறுத்தாம பேசுங்க."

லிஃப்ட் பொந்துக்குள் வாழ்நாளைக் கழித்தவருக்கு நிறுத்தாமல் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாது. நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு, கையில் இருந்த ஒரே விஷயத்தை எடுத்துவிட்டார்.

"பஞ்சு வெச்சது தப்புதான். மெஷின் ரூம்ல சத்தத்துக்கு வெக்கிறது. எடுக்க மறந்துட்டேன். முதல் நாள் மறந்தது. அப்புறம்..." நின்றார்.

"நிறுத்தாதீங்க."

"அப்புறம் மறக்கலை. வேணும்னுதான் வெச்சேன். தப்புதான். வீடு வீடா இல்ல. ரேடியோவைப் போட்டுப் பாத்தேன், அது நடுநடுவுல விளம்பரம் பண்ணுது. உன் சிநேகிதி கதை என்ன ஆச்சுன்னு தெரியலை. அவ கடைசில வீடு மாறினாளா இல்லையா?"

இதற்குள் அவர் பாப்பாவின் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். வர வேண்டிய இடத்துக்கு வந்தாயிற்று என்று வாயை மூடினார். சீமாட்டி காலை இழுத்தது.

கீழேயிருந்து, வாயில் ஆணிகளோடு லாடக்காரரின் குரல் வந்தது. "சார், இன்னும் மூணு ஆணி இருக்கு. விட்டுடாதீங்க."

மெக்கானிக் தொடர்ந்தார். தன் சமையல் எவ்வளவு மோசம், துவைக்கிற மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாதது, படுக்கையின் அந்தப் பக்கம் சில்லென்று இருப்பது வரைக்கும் வந்துவிட்டார். மூன்று ஆணிகளும் இறங்கின. லாடக்காரர் நிமிர்ந்து, முதுகைத் தேய்த்துக்கொண்டு, அடுத்த காலுக்குப் போனார். "இதுக்கும் கொஞ்சம் பேசிடுங்க" என்றார்.

அக்கா கயிற்றைப் பிடித்தபடி தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே பாப்பா பெட்டியோடு வீடு திரும்பினாள். யார் முதலில் பேசியது என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. "அவதான் முதல்ல ஏங்கன்னா" என்பார் மெக்கானிக். "அது குதிரைக்காகப் பேசினது, உங்ககிட்ட பேசினது இல்ல" என்பாள் பாப்பா. சாவிக்காரரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் மெஷினைப் போட்டார்.

அடுத்த வாரம் அக்காவுக்குக் குரல் வந்தது. முதல் நாள் லாயத்துக்குள் நுழையும்போது செருமப்போனவள், டாக்டர் ஞாபகம் வந்து, "நான்தாம்மா வர்றேன்" என்று வாயால் சொல்லிப் பார்த்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இப்போது அப்படியே பழகிவிட்டாள், பெயர் மட்டும் மாறவில்லை.

அழகு நிலையத்துக்கு விடுமுறை நாளில் பாப்பா லாயத்துக்கு வந்துவிடுகிறாள், சொந்தமாக வாங்கிய பூட்ஸோடு. மெக்கானிக்கும் கூட வருகிறார், கேரட் துண்டுகளோடு. விரல் நுனியில் பிடித்து நீட்டியவரின் கையைத் தட்டி, உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரித்து அதன் மேல் வைக்க வேண்டும் என்று பாப்பா ஒரு முழுக் காலைப்பொழுது விளக்கினாள். அவர் முழுவதும் கேட்டார்.

பாதிக்கப்பட்டது லாடக்காரர் ஒருவர்தான். யாராவது பேசிக்கொண்டே இருந்தால் ஒழிய சீமாட்டி இப்போது காலைக் கொடுப்பதில்லை. பாப்பா வராத நாளில் மனிதர் என்ன செய்வார் பாவம். ஆணிகளை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, குளம்பை இடுக்கிக்கொண்டு, தன் மாமியாரைப் பற்றி ஆரம்பிக்கிறார்.